லவணாசுரன் ஊரிலே!

விருதுநகரைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில், அச்சங்குளம் போன்ற ஊர்களின் பக்கமாக நடந்தால், பட்டாசுத் தொழிற்சாலைகளைத் தாண்டிய பொட்டல்களில் அங்கங்கே வெள்ளை பூத்த தரையைக் காணலாம். களர், உவர் என்று சொல்கிறோமே, அதுதான். உவர்மண்ணைக் கொண்டு துணி வெளுத்த காலம் நம் பாட்டிமார்களுக்கு நினைவிருக்கும்.

"புல்லு கூட முளைக்காத மண்ணு தம்பி, இதைப் போய்ப் பார்க்கிறீங்களே!" என்று சிரித்தார், சுள்ளி பொறுக்க வந்த ஒரு பாட்டி. கல்லாதவர்களுக்கு உவமை சொல்ல வள்ளுவருக்கே களர் நிலந்தான் அகப்பட்டது. அதில் உண்மையிலேயே எதுவும் வாழாதா? உப்பும் காரமும் உச்சியில் நிற்கும் இடத்துக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று மகாராஷ்டிரத்தில் உள்ள லோணாருக்கு ரயில் ஏறினேன்.

புல்தாணா ஜில்லாவில் இருக்கிறது லோணார். லவணாசுரன் என்ற அரக்கனை விஷ்ணு வதைத்த இடம் என்பது ஐதிகம். லவணம் என்றால் உப்பு, பொருத்தமான அரக்கன்தான்! விஞ்ஞானிகளோ, சுமார் 5,70,000 ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து தோண்டிய பள்ளம் என்கிறார்கள். அகலம் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். அடியில் பச்சை நிறத்தில் ஏரி. சலவைச் சோடாவைக் கரைத்து வைத்தாற்போன்ற தண்ணீர். கரையை நெருங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. சோப்பும் கண்ணாடியும் செய்யச் சரக்கு கிடைக்கும் இடம் என்று அக்பர் காலத்து 'ஆயினி அக்பரி'யிலேயே குறிப்பு உண்டு.

இங்கே 'மாமியார் மருமகள் கிணறு' என்று ஒன்று இருக்கிறது. ஒரு பாதி உப்பு, மறு பாதி தித்திப்பு என்கிறார்கள். எந்தப் பாதி யாருடையது என்று நான் கேட்கவில்லை!

விஷயம் ஏரியின் சேற்றில் இருக்கிறது. காற்றுப் புகாத அடிச் சேற்றில் மீதேன் வாயு உண்டாகிறது. சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, அதே வாயுதான். வயலிலும் மாட்டின் வயிற்றிலும் பிறக்கும் இந்த வாயு, 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்க வல்லது. அது மேலே தப்புமுன் பிடித்துத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டென்று 1906-லேயே ஹாலந்து விஞ்ஞானி ஸோங்கன் கண்டார். ஆனால் இவ்வளவு காரத்திலுமா?

புனே தேசிய செல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த ஷௌச்சே, இங்கிலாந்தின் மர்ரல் முதலியோர் அடங்கிய குழு லோணார்ச் சேற்றைச் சோதித்தது. சற்றே கனமான கார்பன் அடங்கிய மீதேனைச் சேற்றுக்கு ஊட்டினார்கள். எந்த நுண்ணுயிரின் மரபுப் பொருளில் அந்தக் கனம் ஏறுகிறதோ, அதுதானே தின்றது? பால் குடித்த பூனையை மீசையில் கண்டுபிடிப்பது போன்ற யுக்தி! மீதேன் தின்னிகள் அகப்பட்டன. 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். மெக்ஸிகோவில் டெஸ்கோகோ ஏரி வற்றிய களர் மண்ணிலும் இந்த இனத்தார் இருக்கிறார்கள்.

உப்பில் போட்ட மாவடு சுருங்குகிறதே, இவை ஏன் சுருங்குவதில்லை? ரஷ்யாவில் தூவா பிரதேசத்துச் சோடா ஏரியில் கிடைத்த இவற்றின் உறவினம் ஒன்று, 'எக்டோயின்' என்ற பொருளைத் தன் உடலுக்குள் சேர்த்து வைத்து ஈரத்தைக் காத்துக்கொள்கிறது. இன்று முகத்துக்குப் பூசும் சில க்ரீம்களிலும் சேர்க்கிறார்களே, அதே எக்டோயின்தான். கடைச் சரக்கு வேறொரு பாக்டீரியாவிடமிருந்து வருகிறது.

2020 ஜூனில் ஏரி திடீரென்று ரோஜா நிறமாகி ஊரெல்லாம் பேச்சாயிற்று. அது உப்பை விரும்பும் வேறொரு நுண்ணுயிரின் வேலை. அந்த ஆண்டே ராம்சார் பட்டியலிலும் ஏரி இடம் பெற்றது. ஆனால் பள்ளத்தின் விளிம்பில் வற்றாத நன்னீர் ஊற்று இருக்கிறது. யாத்திரிகர்கள் நீராடும் அந்தத் தண்ணீர் ஏரியில்தான் இறங்குகிறது. மழை நீரும் ஊர்க் கழிவும் கூடச் சேர்ந்தால் உப்பும் காரமும் நீர்த்துப் போகும். அவற்றையே நம்பிக் குடித்தனம் நடத்தும் ஜீவன்களின் பாடு திண்டாட்டந்தான். ஏரியைக் காப்பாற்றக் கோரிய பொதுநல வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை வரை போயிருக்கிறது.