பகலில் மட்டும் வந்த வைரஸ்

2024 மே 29ஆம் தேதி டெல்லியின் முங்கேஷ்பூர் வானிலை நிலையம் 52.9 டிகிரி வெப்பம் பதிவானதாகக் காட்டியது. உலகமே திரும்பிப் பார்த்தது. அங்கிருந்த உணர்கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. குற்றம் வெயிலில் பாதி, கருவியில் பாதி.

அதே மே மாதத்தில்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் நிற்கத் தொடங்கியது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு வானிலைத் துறையைவிட அதிக நாள் ஆயிற்று.

2016இல் நேரு ப்ளேஸில் ஒரு கடையில் சொல்லிச் சேர்த்து வாங்கிய கம்ப்யூட்டர் அது. மேற்குப் பார்த்த அறையில் என் மேஜைக்குக் கீழே எட்டு வருடங்களாக உட்கார்ந்திருந்தது. அதற்குள் ஓர் இந்தி நாவலின் மொழிபெயர்ப்பு 212 பக்கம் வரை வளர்ந்திருந்தது. அதைவிட முக்கியமாக, 2001இல் டெல்லிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் சேர்த்து வரும் சொற்பட்டியல் இருந்தது. எந்த அரசாங்கத் திட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர், எந்த இந்திப் பழமொழிக்கு எது ஈடு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. பென் டிரைவில் ஒரு பிரதி உண்டு. ஆனால் அது பிப்ரவரி மாதத்தோடு நின்றுவிட்டது.

பிற்பகல் இரண்டு மணிவாக்கில் உள்ளே இருக்கும் விசிறி பெரிதாக இரையும். அடுத்த நிமிடம் திரை இருண்டுவிடும். எச்சரிக்கை இல்லை, பிழைச்செய்தி இல்லை. மறுபடி போட்டால் பத்து நிமிடம் தாங்கும். இரவு பத்து மணிக்கு மேல் மட்டும் சமர்த்தாக வேலை செய்யும்.

‘வைரஸ்’ என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். குற்றவாளியும் தயாராக இருந்தான். பதினோராம் வகுப்பு முடித்துக் கோடை விடுமுறையில் வீட்டில் இருந்த என் மகன். ஏப்ரலில் நண்பனின் பென் டிரைவிலிருந்து ஏதோ ஒரு விளையாட்டை ஏற்றியிருந்தான்.

“என்னடா பண்ணி வெச்சே?”

“நான் ஒண்ணும் பண்ணலைம்மா. ஸ்கேன் பண்ணித்தான் போட்டேன்.”

“அப்போ எப்படி வந்தது? தானாவா?”

அவன் பதில் சொல்லவில்லை. நான் பாஸ்வேர்டை மாற்றினேன். அவனும் பேச்சைச் சுருக்கிக்கொண்டான். ‘சாப்பாடு’, ‘போறேன்’, ‘வந்துட்டேன்’ என்று மூன்று சொற்களில் எங்கள் வீட்டு நிர்வாகம் நடந்தது.

எனக்கு விஷயம் தெரியும் என்ற திமிரும் இருந்தது. வைரஸைப் பற்றி எத்தனை கட்டுரைகளை மொழிபெயர்த்திருப்பேன்! லத்தீனில் அந்தச் சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். ‘நச்சுநிரல்’ என்ற தமிழ்ச் சொல்லைப் பார்த்ததும் பட்டியலில் ஏற்றியவள் நான். 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸுக்குள் அவர்களின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணுமே இருந்தது தெரியும். 1999 ஏப்ரல் 26 அன்று ‘செர்னோபில்’ வைரஸ் விழித்துக்கொண்டு டிஸ்க்கை அழித்ததோடு நில்லாமல், கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் சிப்பையும் பாழாக்கியது தெரியும். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது தெரியும். இவ்வளவும் தெரிந்த எனக்கு என் மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

முழு ஸ்கேன் ஓட விட்டேன். முப்பது சதவீதத்தைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி ஓட விட்டேன். மறுபடி அணைந்தது. ‘பார், பிடிபடாமல் இருக்க அதுவே அணைத்துவிடுகிறது’ என்று கணவரிடம் சொன்னேன். சந்தேகம் பிடித்துவிட்டால் எல்லாமே சாட்சியாகிவிடுகிறது.

பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் வந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். “வைரஸ்தான் மேடம்ஜி. ஃபார்மட் பண்ணிடலாம்” என்றார் இந்தியில். எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் டாக்டர்கள் உண்டல்லவா? அறுநூறு ரூபாய். என் கோப்புகளைத் தனி டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் துடைத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவிவிட்டுப் போனார்.

மறுநாள் மூன்று மணி. விசிறி இரைந்தது. திரை இருண்டது.

கதவோரம் நின்றிருந்த மகன் பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் பேசினான்: “இப்போ யாரும்மா டவுன்லோட் பண்ணினாங்க?”

எனக்குப் பதில் இல்லை. அவனே தொடர்ந்தான். “இந்தக் காலத்து வைரஸ் கம்ப்யூட்டரை நிறுத்தாதும்மா. அது ஓடிக்கிட்டே இருந்தாத்தானே பாஸ்வேர்டைத் திருடலாம், பணம் பார்க்கலாம்? நின்னுபோனா அதுக்கு என்ன லாபம்?”

கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் பொத்தானைத் தட்டி, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே வரும் ஒரு திரைக்குப் போனான். ப்ராசஸரின் வெப்பநிலை அதில் இருந்தது: 91 டிகிரி. அப்போது அது எந்த வேலையும் செய்யவில்லை.

மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். ப்ராசஸரின் மேல் அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும்; அவற்றின் இடுக்கில் புகும் காற்றுதான் சூட்டை வெளியே கொண்டுபோகும். இடுக்கே தெரியவில்லை. எட்டு வருட டெல்லிப் புழுதி கம்பளி போலப் படிந்து அடைத்திருந்தது. பிரஷ் கொண்டு எடுத்தோம். விசிறி இறக்கை தாறுமாறாகச் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. அலுமினியப் பகுதியைக் கழற்றியபோது, ப்ராசஸருக்கும் அதற்கும் நடுவே சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த பசை சுண்ணாம்பாக உதிர்ந்தது. மகன் மெட்ரோவில் நேரு ப்ளேஸ் போய் ஒரு சின்ன ட்யூப் வாங்கி வந்தான். பழையதைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு வைத்து மூடினான். மாலையில் அதே திரையில் 48 டிகிரி. அந்தக் கோடை முழுவதும் அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

ப்ராசஸரின் சூடு நூறு டிகிரியை ஒட்டிப் போனால், தான் கருகிவிடாமலிருக்க அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பிற்பகலில் நின்றதற்கும் இரவில் நிற்காததற்கும் அதுதான் காரணம். ஸ்கேன் என்பது ப்ராசஸரைக் கசக்கிப் பிழியும் வேலை. அதனால்தான் பாதியில் அணைந்தது. எல்லாத் தடயங்களும் முதல் நாளிலிருந்தே என் கையில் இருந்தன. தெரியாத சொல் வந்தால் உடனே பொருள் சொல்லிவிடாதே, முன்னும் பின்னும் படி என்று புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் இன்றைக்கும் சொல்கிறேன். என் வீட்டில் நான் அதைச் செய்யவில்லை.

ஃபார்மட்டில் இன்னொரு நஷ்டமும் இருந்தது. சொற்பட்டியலைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் குறிகளும் கலந்து நின்றன. யூனிகோட் பரவுவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பட்டியல் அது. விண்டோஸோடு சேர்ந்து அந்த எழுத்துருவும் துடைக்கப்பட்டிருந்தது. இருபத்து மூன்று வருட உழைப்பு கண்ணெதிரே இருந்தும் வாசிக்க முடியவில்லை. மகன்தான் பரணில் ஏறி, பழைய அட்டைப்பெட்டியிலிருந்த சிடி ஒன்றில் அந்த எழுத்துருவைக் கண்டுபிடித்தான். பிறகு இருவருமாக உட்கார்ந்து பட்டியலை யூனிகோடுக்கு மாற்றினோம். தமிழ் படிக்கச் சிரமப்படும் டெல்லிப் பிள்ளை அவன். நடுநடுவே “இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். மூன்று இரவுகள் ஆயின.

மூன்றாவது இரவு அவனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ‘ஸாரி’ என்பது டம்ளரைத் தட்டிவிட்டாலும் சொல்கிற சொல். ‘என்னை மன்னித்துவிடு’ என்றால் மேடை நாடகம். அவ்வளவு பெரிய பட்டியலில் ஒரு தாய் மகனிடம் சொல்வதற்கு ஒரு சொல் அகப்படவில்லை.

“உன்மேல தப்பில்லைடா. நான்தான் பார்க்காமப் பேசிட்டேன்” என்றேன்.

“சரிம்மா” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சற்றுப் பொறுத்து, “பாஸ்வேர்டு?” என்றான்.

சொன்னேன்.