குழந்தை உடுப்பில் கறை

எங்கள் வீட்டில் குழந்தையின் துணிகளைத் துவைப்பவன் நான். பிள்ளைக்கு இப்போது 11 மாதம். ஆறாம் மாதத்தில் திட உணவு தொடங்கியதிலிருந்து நாள்தோறும் ஐந்தாறு உடுப்புகளாவது வாளிக்கு வந்து சேர்கின்றன. துணைவி வரலாற்றுத் துறையில் ஆய்வேட்டின் இறுதி இயல்களை எழுதிக்கொண்டிருக்கிறார். நான் வேதியியல் ஆய்வாளன். சோதனைகளுக்கு இடையே காத்திருக்கும் நேரம் எனக்கு உண்டு. ஆகவே இந்தப் பங்கீடு. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் துணியில் கறை எஞ்சியிருந்தால் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் எப்போதும் அவராகவே இருக்கிறார். தில்லியில் நாங்கள் பிள்ளையை விடும் காப்பகத்தில் ஒருநாள், "அம்மாவுக்குப் படிப்பு அதிகம் போலிருக்கிறது, துணியைப் பார்க்க நேரமில்லை" என்று சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னார்கள். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றவன் நான்.

அன்று சட்டையில் இருந்தது பாசிப்பருப்புக் கிச்சடியின் மஞ்சள். கறைகளுள் என்னை அதிகம் உழைக்கவைப்பதும் அதுவே. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் கரைவது மிகக் குறைவு. பருத்தி இழையையோ இறுகப் பற்றிக்கொள்ளும். சோப்புப் பட்டவுடன் கறை செம்பழுப்பாக மாறுவதைக் கண்டு, கெட்டுவிட்டதென்று பதறி மேலும் தேய்ப்பவர் பலர். காரம் பட்டதால் நிறம் மாறுகிறது, அவ்வளவே; நிறைய நீர்விட்டு அலசினால் மீண்டும் மஞ்சளாகும். என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், அமிலமும் காரமும் பற்றிய இயலில், இந்தக் கறை எடுத்துக்காட்டாகவே வருகிறது. நாடெங்கும் மாணவர்கள் அதைப் படித்துத் தேறுகிறார்கள். அந்தத் துணியைத் துவைப்பது யார் என்ற வினா மட்டும் எந்தத் தேர்விலும் வந்ததில்லை.

மஞ்சளுக்கு மருந்து வெயில். ஒளி பட்டால் குர்குமின் மூலக்கூறு சிதைந்து நிறம் இழக்கிறது. அலசிய துணியை ஈரத்தோடு, கறைப்பக்கம் மேலே இருக்குமாறு, நேர்வெயிலில் விரிக்க வேண்டும். ஒருநாளில் போகாவிட்டால் மறுநாளும். கேரட் மசியலின் கறையும் வெயிலில் வெளுக்கும். ஆனால் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆகையால் முதலில் பாத்திரம் துலக்கும் திரவத்தில் இரண்டு சொட்டு இட்டுத் தேய்த்துவிடுவது நல்லது. ஊரில் என் அம்மா இவற்றையெல்லாம் எந்த மூலக்கூறின் பெயரும் அறியாமல் மொட்டைமாடிக் கொடியிலேயே முடித்துவிடுவார். அவருக்கு இருந்த மாடி எங்களுக்கு இல்லை. மணமான ஆய்வாளர் விடுதியில் எங்கள் அறையின் ஒரே சன்னல் வடக்கு நோக்கியது. மாடிக்கதவு பூட்டியே கிடக்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் மூடுபனியும் புகையும் சேர்ந்து நண்பகலையே மாலையாக்கிவிடும். காப்பகத்தில் தாயின் அசட்டையாகப் படிக்கப்பட்டது இந்தச் சன்னல்தான்.

முட்டை, தயிர், பால் ஆகியவற்றுக்கு வெயிலைவிடத் தண்ணீரின் வெப்பமே முதன்மையானது. குளிருக்கு அஞ்சி எடுத்த எடுப்பிலேயே வெந்நீரில் போட்டால், முட்டை வேகும்போது இறுகுவதுபோல் புரதம் இழைக்குள்ளேயே இறுகிவிடும். தண்ணீரில் ஊறவைத்த பிறகு, நொதி கலந்த சலவைத்தூள். விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைச் சலவைக்குப் பயன்படுத்தும் முறைக்கு ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் 1913-இல் காப்புரிமை பெற்றார். உணவைச் செரிக்கும் பொருளே உணவுக்கறையையும் செரிக்கட்டும் என்ற அந்த யோசனை எனக்கு இன்றும் அழகாகத் தோன்றுகிறது. ஆனால் கம்பளியும் புரதம். கறைக்கும் சட்டைக்கும் நொதி வேறுபாடு பார்க்காது. துணைவியின் தாயார் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையை அந்தத் தூளின் பக்கமே நான் கொண்டுபோவதில்லை.

வாழைப்பழம் வேறு வகை. ஊட்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஈரம், காற்றுப் பட்டுப் பட்டு, மறுநாள் பழுப்பாகித் தெரியும். அதை உடனே அலசுவதைத் தவிர எளிய வழி இல்லை. இரும்புச்சத்து மருந்தின் துருநிறக் கறைக்கு எலுமிச்சைச் சாறு; அதில் குளோரின் வெளுப்பானை ஊற்றினால் கறை இன்னும் அழுத்தமாகும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் கேள்வி அவருக்கே போகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிமுறைகள், பெண் ஆய்வாளருக்கு ஆய்வுக்காலம் முழுமைக்குமாக 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தர இடமளித்தன. 2022 விதிமுறைகளிலும் அது தொடர்கிறது. போராடிப் பெற வேண்டிய உரிமை அது, ஐயமில்லை. ஆயினும் அதே விதியில் தந்தைக்கென ஒருநாள்கூட இல்லை. நான் துவைப்பது என் நல்ல குணமாகவும், அவர் துவைக்காதது அவர் குறையாகவும் எண்ணப்படுவதற்கு அவ்விதியும் ஒரு காரணம் என்பேன். காப்பகத்தில் இப்போது, "துவைப்பவன் நான்தான், என்னிடம் சொல்லுங்கள்" என்று சொல்லிப் பார்க்கிறேன். பாராட்டுக் கிடைக்கிறது. குறை சொல்ல இன்னும் அம்மாவைத்தான் தேடுகிறார்கள்.

பிள்ளைக்குச் சிறியதாகிவிட்ட உடுப்புகளை இந்த வாரம் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். அவற்றிற் பாதி எங்களுக்கும் வேறோர் ஆய்வாளர் இணையிடமிருந்து வந்தவையே. மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகையில், அதுவும் தாமதமாக வரும்போது, மூன்று மாதத்தில் சிறிதாகிவிடும் சட்டையைக் கடையில் வாங்க யாரால் முடியும்? பெட்டி அடுத்த கட்டிடத்துக்குப் போகிறது. அங்கே ஐந்து மாதக் குழந்தை. கறையுள்ள சட்டைகளையும் நீக்காமல் வைத்திருக்கிறேன். பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் அந்த வீட்டுத் தந்தையின் பெயரை எழுதி, கீழே இவ்வளவு குறித்தேன்: "மஞ்சள் சட்டைகள் மூன்று, மார்ச் வெயிலுக்கு. கம்பளிக்கு நொதித்தூள் கூடாது. மாடிச் சாவி காவலரிடம் உண்டு, கேட்டால் தருகிறார்."