ப்ளைட்டி

வெஸ்ட் மாரேட்பள்ளி,
செகந்திராபாத்.

அன்புள்ள கார்த்திக்,

இங்கிருந்து நீ லண்டன் திரும்பியதும் உன் ஆபீஸ் நண்பர், ‘ப்ளைட்டிக்கு வந்தாச்சா’ என்று கேட்டாராமே. இங்கிலாந்துக்கு ஆங்கிலேயர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் அது. ஆனால் பிறந்தது இந்தியாவில், பட்டாளத்துக்காரர் வாயில்.

அரபியில் ‘விலாயத்’ என்றால் ஆட்சிக்குட்பட்ட ஒரு மாகாணம். உருதுவில் அது அயல்தேசமாகி, கடைசியில் இங்கிலாந்தாகவே நின்றுவிட்டது. நம் ‘சீமை’யும் அதே வழியில் போனதுதானே? சிவகங்கைச் சீமை என்று உள்ளூரைச் சொன்ன வாய்தான், துரை சீமைக்குப் போனார் என்றும் சொன்னது. வடக்கே தக்காளிக்கு அந்த நாளில் விலாயதி பைங்கன் என்று ஒரு பெயர், அதாவது சீமைக் கத்தரிக்காய். ‘பிலாயதி’ என்றும் சொல்வார்கள். இங்கே வேலை பார்த்த வெள்ளைச் சிப்பாய்கள் அதைக் கேட்டு ‘ப்ளைட்டி’ ஆக்கி, சொந்த ஊரை நினைத்து ஏங்கும்போது சொல்லிக்கொண்டார்கள்.

முதல் உலகப் போரில் அதற்கு இன்னொரு பொருள் ஏறியது. உயிர் போகாது, ஆனால் கப்பலேற்றி வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு அடி பட்டிருக்கும்; அந்தக் காயத்துக்கும் ப்ளைட்டி என்றே பெயர். பதுங்குகுழியில் கிடந்தவர்கள் அதற்காக வேண்டிக்கொண்டார்கள். தாங்களே கையிலோ காலிலோ சுட்டுக்கொண்டு ராணுவ விசாரணைக்கு ஆளானவர்களும் உண்டு.

நம் ஊர் இங்கேதான் வருகிறது. 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரில் எழுந்த இந்தக் கன்டோன்மென்ட்டைப் பழைய ஆட்கள் இன்றும் லஷ்கர் என்பார்கள். 1914இல் பிரான்ஸுக்குப் போன குதிரைப்படைகளில் ஒன்றின் பெயரே செகந்திராபாத் பிரிகேட். அதிலிருந்த டெக்கான் ஹார்ஸ் ரெஜிமென்ட், 1916 ஜூலை 14 அன்று சோம் போர்க்களத்தில், ஹை வுட் காட்டருகே, ஈட்டியோடு குதிரையேறிப் பாய்ந்தது. எதிரே இயந்திரத் துப்பாக்கிகள்.

வெள்ளைச் சிப்பாய்க்குக் காயம் பட்டால் வீடு. நம்மவனுக்கோ அதே காயம் விலாயத்தைத்தான் காட்டியது. அவன் வீடு கடல் தாண்டி அப்படியே இருந்தது. 1914 முடிவிலிருந்து பிரைட்டன் அரண்மனையே இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி ஆனது. நன்றாகத்தான் கவனித்தார்கள். ஆனால் காயம் ஆறியவர்களில் பலரைத் திரும்பவும் பிரான்ஸுக்கே அனுப்பினார்கள். ஒரு முறை அடிபட்டவனை மறுபடியும் களத்துக்கு அனுப்புவது நியாயமா என்று அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் தணிக்கையாளர் கைக்குப் போயின. அந்தக் குறை எனக்கு இன்றும் நியாயமாகவே படுகிறது.

அங்கேயே இறந்த இந்து, சீக்கிய வீரர்களில் 53 பேரை பிரைட்டன் பக்கத்துப் பாட்சம் ஊருக்கு மேலே, புல்வெளிக் குன்றில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921இல் திறந்த, சத்ரி என்ற சலவைக்கல் நினைவு மண்டபம் இருக்கிறது. பக்கத்தில் 2010இல் வைத்த கல்லில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வா.

அன்புடன்,
பெரியப்பா