காந்தக் கேடயம்

ஆய்வுக்கூடத்தில் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் கோலமிடக் கண்டு வியந்திருக்கிறோம். நம் பூமியும் ஒரு பெருங்காந்தமே! கதிரவனிலிருந்து வீசும் மின்துகள் காற்றை அதன் காந்தப்புலம் கேடயமாய்த் தடுக்கிறது. ஆயினும், கதிரவனின் விசைக்கோடுகளும் பூமியின் விசைக்கோடுகளும் எதிரெதிராய்ச் சந்திக்கையில் அறுபட்டுப் புதிதாய்ப் பிணைகின்றன. கேடயத்தில் வாயில் திறக்கிறது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலத்தை இருளில் ஆழ்த்திய காந்தப் புயலுக்கும் இதுவே வழிவிட்டது.

2015 மார்ச்சில் நாசா ஏவிய எம்.எம்.எஸ். விண்கலங்கள் நான்கும், அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று அவ்வாயிலினூடே சென்று எலெக்ட்ரான்களை அளந்தன. நான்கு எதற்கு? எல்லையோ ஓயாது அசைவது. தனிக்கலத்தால் அதன் வடிவை அறிய இயலாது. சுமார் 10 கிலோமீட்டர் இடைவெளியில் கூடிப் பறந்ததாலேயே உண்மை புலப்பட்டது. தனித்து விளங்காத பாடத்தைக் கூடிப் படித்துத் தெளியும் நமக்கு இது புரியாதா என்ன?