எந்த வேடம்?

நுழையும்முன்

அரிதாரம் பூசி மேடையேறிய கலைஞர்கள் வாழ்ந்த மண்ணில், இன்றைய இளையோர் திறன்பேசித் திரையில் வேடம் புனைகின்றனர். மேடை மாறியிருக்கிறது; வேடம் புனைவோரின் பொறுப்பும் மாறிவிட்டதா? அவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

திண்ணையில் ஒரு மாலை

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் திருவரங்குளம். அரங்குளநாதர் கோவிலால் பெயர்பெற்ற பழமையான ஊர் அது. கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, பதினொன்றாம் வகுப்பில் சேரவிருந்த மாணவன் ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அண்ணனின் திறன்பேசியில் இணைய விளையாட்டு ஒன்றைத் திறந்தான். மந்திரவாதிகளும் அரக்கர்களும் நெருப்பு உமிழும் பறவை நாகங்களும் உலவும் கற்பனை உலகம் அது. உலகின் பல மூலைகளில் இருப்போர் ஒரே நேரத்தில் அதற்குள் நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரமாக உலவுவர்.

ஆனால், உள்ளே நுழைவதற்குமுன் அவன் தனக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்தாக வேண்டும். எந்த இனம்? எந்தத் தொழில்? வாள்வீரனா, வில்லாளியா, மந்திரவாதியா, காயம் ஆற்றும் மருத்துவனா? முகம் எப்படி இருக்க வேண்டும்? தோளின் அகலம், கண்ணின் நிறம், மூக்கின் கூர்மை, கன்னத்துத் தழும்பு என ஒவ்வொன்றையும் அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். வகுப்பில் எழுந்து நின்று விடை சொல்லவே கூசும் அவன், தன் பாத்திரத்துக்கு அகன்ற மார்பையும் அஞ்சாத விழிகளையும் அமைத்தான். பெயர் வைக்க வேண்டிய இடத்தில் தயங்கி நின்றான். ஒரு மணி நேரம் கடந்தது.

பாக்கு இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னய்யா, அந்த மூஞ்சியையே இம்புட்டு நேரமாப் பாத்துக்கிட்டு இருக்கே?"

"வேசம் கட்டுறேன் அப்பத்தா."

"எந்த வேசம்?"

அவனுக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. முகம் இருந்தது, உடை இருந்தது, கையில் வாளும் இருந்தது. ஆனால், அவன் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.

புள்ளிகளின் கணக்கு

பாத்திரம் படைத்து ஆடும் இவ்வகை விளையாட்டின் வரலாறு கணினித் திரையில் தொடங்கவில்லை. மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்ந்து ஆடிய ஆட்டத்தில் தொடங்கியது. 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்கள் உண்டு. வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவுக்கூர்மை, விவேகம், பிறரை ஈர்க்கும் ஆளுமை என்பன அவை. தொடக்கத்தில் ஒவ்வொரு திறனுக்கும் மூன்று பகடைகளை உருட்டி, விழுந்த எண்களைக் கூட்டிக்கொண்டனர். பிறப்பைப் போலவே அதுவும் வாய்த்தது வாய்த்ததுதான்.

பின்னாளில் வேறொரு முறையும் வந்தது. 2014 ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, ஆடுபவர் கையில் 27 புள்ளிகள் தரப்படும். ஆறு திறன்களும் 8 என்ற அளவில் தொடங்கும். ஒரு திறனை 15 வரை உயர்த்த 9 புள்ளிகளைச் செலவிட வேண்டும். மூன்று திறன்களை அந்த உச்சத்துக்குக் கொண்டுசென்றால் கையிருப்பு முழுவதும் தீர்ந்துவிடும். ஏனைய மூன்றும் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். எல்லாவற்றிலும் சிறந்தவன் என்றொரு பாத்திரத்தை அந்தக் கணக்கில் படைக்கவே முடியாது. வலிமையைத் தேடுபவன் அறிவில் விட்டுக்கொடுக்க வேண்டும். அறிவைத் தேடுபவன் உடலுறுதியில் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவேதான் தனியொருவராக அன்றிக் குழுவாகச் சேர்ந்து ஆடுகின்றனர். ஒருவரது குறையை மற்றொருவரது நிறை ஈடுசெய்கிறது.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் ஆகியோர் 1978 ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய விளையாட்டு, பலர் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய கணினி உலகத்துக்கு வழிவகுத்தது. அதில் படங்கள் இல்லை. எழுத்துகள் மட்டுமே இருந்தன. 2004 ஆம் ஆண்டு வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' அந்த உலகத்தை வண்ணக் காட்சிகளுடன் பல இலட்சம் பேரிடம் கொண்டுசேர்த்தது. அங்கும் எதிரியைத் தன்பால் ஈர்த்து அடிதாங்குபவர், தாக்குபவர், காயம் ஆற்றுபவர் எனக் குழுவில் தனித்தனிப் பொறுப்புகள் உண்டு. முன்பின் பாராதவர்கள் ஒன்றுகூடினாலும், தத்தம் பொறுப்பை அறிந்திருப்பதால் ஒரே குழுவாக இயங்குவர்.

ஒத்திகை இல்லாத மேடை

முன்பின் பாராதவர் கூடி ஆடுவது புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதன்று. திருவிழாக் காலங்களில் இவ்வட்டாரத்து ஊர்களில் விடிய விடிய நடைபெறும் 'ஸ்பெஷல் நாடகம்' அத்தகையதே. அதில் நடிப்போர் ஒரே குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக் கலைஞரும் வேறு ஊர்களிலிருந்து வருவர். தனித்தனியே அழைக்கப்பட்ட அவர்கள் ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவு மேடையில் சந்திப்பர். முருகனாக வேடம் புனைந்தவருக்கும் வள்ளியாக வேடம் புனைந்தவருக்கும் 'வள்ளி திருமணம்' முழுவதும் மனப்பாடம். பாத்திரம் தெரிந்திருப்பதால் ஆள் தெரியாமலேயே நாடகம் நடக்கும்.

அந்நாடகங்கள் பலவற்றை யாத்தவர் தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியாப் பிள்ளையிடம் இசைநுட்பம் பயின்றவர் அவர். தொடக்கத்தில் அவரே நடிகராகவும் விளங்கினார். எமன், இரணியன், இராவணன், சனீசுவரன் போன்ற அச்சமூட்டும் வேடங்கள் அவருக்கு உரியவை. ஒருமுறை சனீசுவரன் வேடத்தில் இரவு முழுவதும் நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றார். அங்கு வந்த பெண்ணொருத்தி அக்கோலத்தைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தாள் என்றும், அதன்பின் அவர் வேடம் புனைவதையே விட்டுவிட்டார் என்றும் அவர்தம் வரலாறு கூறுவோர் எழுதுவர்.

நாடகம் முடிந்துவிட்டது, மேடை கலைந்துவிட்டது, ஆனாலும், வேடம் ஓர் உயிரைத் தொட்டுவிட்டது. "அது நானல்லேன், சனீசுவரன்" என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். அவ்வாறு அவர் செய்யவில்லை. பின்னர் நாடக ஆசிரியராகவே வாழ்ந்து, 1918 ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கிச் சிறுவர்களை நடிகர்களாக உருவாக்கினார்.

அவதாரம் என்னும் சொல்

இணைய விளையாட்டில் நமக்காக உலவும் உருவத்தை ஆங்கிலத்திலும் 'அவதார்' என்றே வழங்குகின்றனர். அச்சொல் நம் நாட்டிலிருந்து சென்றது. இறங்கி வருதல் என்பது அதன் பொருள். மேலிருந்து ஒருவர் வேறோர் உருவம் தாங்கி மற்றோர் உலகில் இறங்குகிறார். உருவம் வேறானாலும் இறங்கியவர் அவரே.

இப்பொருளை உணர்ந்து அச்சொல்லைக் கையாண்டவர் ரிச்சர்ட் கேரியட் என்னும் விளையாட்டு வடிவமைப்பாளர். அவர் 1985 ஆம் ஆண்டு வெளியிட்ட 'அல்டிமா' வரிசையின் நான்காம் விளையாட்டில், பாத்திரம் படைக்கும்போது முகத்தையோ தோளையோ கேட்பதில்லை. மாறாக, அறச்சிக்கல்களை முன்வைத்து ஏழு வினாக்கள் கேட்கப்படும். வாய்மையா, இரக்கமா? வீரமா, நீதியா? இரண்டும் நல்லவையே, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். விடைகளைப் பொறுத்தே ஆடுபவரின் பாத்திரம் அமையும்.

சோதனை அத்துடன் முடிவதில்லை. அவ்வுலகில் மூலிகை விற்பவர் பார்வையற்றவர். வாங்கிய பொருளுக்கு உரிய காசை ஆடுபவரே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தாலும் அவர் அறியமாட்டார், பொருளைக் கொடுத்துவிடுவார். ஆனால், கணினி அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வாய்மையின் அளவைக் குறைத்துவிடும். அரக்கனைக் கொல்வது அவ்விளையாட்டின் இறுதி இலக்கன்று. எட்டு அறங்களில் நிறைவு பெறுவதே இலக்கு. யாரும் பாராத இடத்தில் காசை எண்ணி வைக்கும் கை பாத்திரத்தின் கையா, ஆடுபவரின் கையா என்னும் வினாவை அது எழுப்புகிறது.

இபெலின் விட்டுச்சென்றது

நார்வே நாட்டைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்னும் இளைஞர், தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டுஷேன் என்னும் பிறவி நோயுடன் பிறந்தவர். சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் இபெலின் என்னும் பாத்திரத்தைப் படைத்துக்கொண்டார். இபெலின் கட்டுடல் கொண்டவன், ஓடித் திரிபவன். மகன் நண்பர்களின்றித் தனிமையில் நாள்களைக் கழிக்கிறான் என்று பெற்றோர் வருந்தினர். 2014 ஆம் ஆண்டு, தம் 25 ஆம் வயதில் மாட்ஸ் மறைந்தார்.

மகனின் வலைப்பூவில் தந்தை அச்செய்தியை வெளியிட்டார். அதன்பின் முன்பின் அறியாதவர்களிடமிருந்து மடல்கள் வந்து குவிந்தன. கணினியைப் பெற்றோர் பறித்துக்கொண்டதால் வாடிய நெதர்லாந்துப் பெண்ணொருத்திக்காக, அவளுடைய பெற்றோருக்கே மாட்ஸ் கடிதம் எழுதியிருந்தார். மேலும் பலருடைய துயரங்களுக்கு அவர் செவிசாய்த்திருந்தார். தம் நோயை நெடுங்காலம் அவர்களிடம் மறைத்தே வைத்திருந்தார். திரையில் மட்டுமே கண்ட அந்நண்பனை வழியனுப்ப, வெவ்வேறு நாடுகளிலிருந்து சிலர் நேரில் வந்தனர். 2024 ஆம் ஆண்டு அவர் வாழ்க்கை ஆவணப்படமாக வெளிவந்தது.

இபெலினின் தோள்வலிமை புனையப்பட்டது. அவனுடைய ஓட்டமும் புனையப்பட்டதே. ஆனால், அவன் காட்டிய பரிவு புனைவன்று. அது மாட்ஸிடமிருந்து வந்தது. உண்மையான மனிதர்களைச் சென்றடைந்தது.

முகமூடியும் அகமும்

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். பெயரும் முகமும் மறைந்திருக்கும் துணிவில் பிறரை இழிவாகப் பேசுவோரும் இணைய உலகில் உண்டு. இனிய வேடத்தில் வந்து ஏமாற்றுவோரும் உண்டு. ஆகவே முகவரி, ஒளிப்படம், கடவுச்சொல் போன்றவற்றை எவரிடமும் பகிர்தல் கூடாது. உறக்கத்தையும் படிப்பையும் உறவுகளையும் விழுங்கும் அளவுக்குக் கட்டுப்பாடிழந்து ஆடுவதை, உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11 ஆம் பதிப்பில் ஒரு கோளாறாகவே சேர்த்துள்ளது. வேடம் புனையத் தெரிந்தவருக்கு அதைக் கலைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வீடு திரும்பும் நாடகக் கலைஞரிடம் கற்க வேண்டிய பாடம் அது.

திருவரங்குளத்துத் திண்ணையில் இருள் கவிந்தது. அப்பத்தா கேட்ட வினா மாணவனின் மனத்தில் நின்றது. அவன் வாள்வீரன் என்பதை நீக்கிவிட்டுக் காயம் ஆற்றுபவன் என்பதைத் தேர்ந்தெடுத்தான். பின், பெயருக்குரிய இடத்தில் ஒரு புனைபெயரை எழுதினான்.

"வைத்தியர் வேசம் அப்பத்தா" என்றான்.

"நல்லாக் கட்டு. இப்பச் சாப்பிட வா" என்றார் அப்பத்தா.

திறன்பேசியை அணைத்துவிட்டு அவன் உள்ளே சென்றான். வாசலோரத்தில் உறங்கிக்கொண்டிருந்த தங்கையை எழுப்பி, அவளையும் சாப்பிட அழைத்துச் சென்றான். அதற்கு எந்த வேடமும் அவனுக்குத் தேவைப்படவில்லை.