ஒரு டிக்கா, ரெண்டு டிக்கா?

"அனுப்பினவங்க போன்ல ஒரு டிக்கா, ரெண்டு டிக்கா?"

மெசேஜ் வரவில்லை என்று யார் வந்து நின்றாலும், போனைக் கையில் வாங்குவதற்கு முன்பே அந்தக் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது அந்தச் சின்ன செல்போன் சர்வீஸ் கடை. மேசைமேல் சால்டரிங் அயர்ன், ஹாட் ஏர் கன், ஒரு பூதக்கண்ணாடி விளக்கு. பின்னால் டெம்பர்டு கிளாஸ் அட்டைகள் சரம்சரமாகத் தொங்குகின்றன. உடைந்த டிஸ்ப்ளே, உப்பிப்போன பேட்டரி, தேய்ந்துபோன சார்ஜிங் பின் என்று எல்லா சர்வீஸ் கடைக்கும் வரும் வேலைகள்தான் இங்கேயும் வருகின்றன. ஆனால் நான் போயிருந்த அன்று கடைக்காரரின் நேரத்தை அதிகம் பிடித்துக்கொண்டது, எந்தப் பாகமும் கெட்டுப்போகாத போன்கள்.

முதலில் வந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு நெசவாளர். "மெசேஜ் வரவே மாட்டேங்குது தம்பி. வாட்ஸ்அப்பைத் திறந்தா மட்டும் மொத்தமா வந்து கொட்டுது" என்றார். குரலில் கோபத்தைவிட அலுப்பு அதிகம்.

அவர் நெய்துகொண்டிருந்தது முகூர்த்தப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், முந்திக்கு வேறு நிறம். காஞ்சிப் பட்டில் இந்த நிற மாற்றத்துக்குப் பெட்னி போடுவார்கள். உடல் நிறப் பாவு இழைகளோடு முந்தி நிறப் பாவு இழைகளைக் கையாலேயே இணைக்கிற, பொறுமையைச் சோதிக்கிற வேலை அது. பெட்னி போட்டுவிட்டால் நிறத்தை மாற்ற வழியில்லை. காலை 10 மணி சுமாருக்கு முதலாளி வீட்டிலிருந்து, முந்திக்கு அரக்கு வேண்டாம், மாம்பழ மஞ்சள் போடுங்கள் என்று ஒரு மெசேஜும் நிறத்தின் போட்டோவும் போயிருக்கின்றன. இவர் அதைப் பார்த்தது சாயங்காலம், தறியை விட்டு எழுந்து டீ குடிக்க உட்கார்ந்தபோது. அதற்குள் அரக்கு நிறப் பெட்னி முடிந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது முதலாளி; கூலியில் பிடித்தம் வருமோ என்று தவிப்பது நெசவாளர்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. குழித்தறியும், கரையை உடலோடு இணைத்து நெய்கிற கோர்வையும் இன்றும் கையும் காலும் செய்கிற வேலைதான். ஆனால் தறிக்கு வரும் உத்தரவு மாறிவிட்டது. டிசைன், கரையின் அளவு, நிறம், அவசரம் எல்லாமே இப்போது போட்டோவாகவும் வாய்ஸ் மெசேஜாகவும் வருகின்றன. ஆகவே நோட்டிஃபிகேஷன் தாமதம் இங்கே கூலிப் பிரச்சினை.

கடைக்காரர் நெசவாளரின் போனைத் தொடவில்லை. அவரிடம் நம்பர் வாங்கி முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளையை அழைத்தார். "அண்ணா, காலையில இவருக்கு அனுப்புன மெசேஜை அழுத்திப் பிடிச்சு இன்ஃபோ பாருங்க. டெலிவர்டுன்னு எத்தனை மணி போட்டிருக்கு?" பதில் வந்தது: ஆறு மணிக்கு மேல். அனுப்பியது பத்து மணிக்கு. இடைப்பட்ட நேரம் முழுவதும் கணக்குப்பிள்ளையின் திரையில் ஒற்றை டிக்தான்.

இந்தக் கேள்வியில்தான் கடைக்காரரின் தொழில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் மெசேஜ் அனுப்புபவரிடமிருந்து கிளம்பிவிட்டது, போனுக்கு வந்து சேரவில்லை. இரண்டு டிக் என்றால் போனுக்கு வந்துவிட்டது. ஒற்றை டிக்கோடு நின்றிருந்தால் பேட்டரி, டேட்டா, நெட்வொர்க் பக்கம் தேட வேண்டும். இரண்டு டிக் விழுந்தும் சத்தம் வரவில்லை என்றால் மியூட், அனுமதி, டூ நாட் டிஸ்டர்ப் பக்கம் தேட வேண்டும். இரண்டும் வேறு வேறு நோய்கள். எதையும் கேட்காமல், "ரீசெட் அடிச்சிடலாம்" என்று சொல்லி போட்டோக்களையும் சேர்த்து அழிக்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒற்றை டிக் ஏன் நிற்கிறது? ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு ஆப்பும் தன் சர்வரோடு ஓயாமல் தொடர்பு வைத்துக்கொண்டிருந்தால் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் பெரும்பாலான ஆப்புகளுக்கும் சேர்த்து கூகுள் ஒரே ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கிறது. பல முதலாளிகள் ஆளுக்கொருவரை அனுப்பாமல், தெருவுக்கு ஒரே ஆள் போய் எல்லா வீட்டுக்கும் பாவு கொடுத்துவிட்டு வருவது போன்ற ஏற்பாடு. 2010இல் வேறு பெயரில் தொடங்கி, 2016 முதல் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் என்று இயங்குவது இதுதான். ஐபோனில் இதே வேலையை ஆப்பிளின் சொந்தச் சேவை 2009 முதல் செய்து வருகிறது.

2015இல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது டோஸ் என்ற தூக்க முறையும் வந்தது. சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் போன் கிடந்தால், கொஞ்ச நேரத்தில் ஆப்புகளின் பின்னணி வேலைகளை அது நிறுத்தி வைக்கும். அடுத்த ஆண்டு வந்த பதிப்பில், பையில் போட்டுக்கொண்டு நடந்தாலும் லேசான தூக்கம் உண்டு என்றானது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9, அடிக்கடி திறக்கும் ஆப், அபூர்வமாகத் திறக்கும் ஆப் என்று தரம் பிரித்து, பின்னதற்குக் கட்டுப்பாட்டைக் கூட்டியது.

இப்போது தறி வீட்டை நினைத்துப் பாருங்கள். நெசவாளர் குழிக்குள் கால் வைத்து மிதியை மிதிக்கிறார், இரண்டு கையும் நாடாவிலும் பலகையிலும். போன் சுவர் மாடத்தில், சார்ஜ் இல்லாமல், திரை அணைந்து, மணிக்கணக்காக அசையாமல் கிடக்கிறது. டோஸ் கேட்கும் அத்தனை நிபந்தனைகளும் அங்கே நிறைவேறுகின்றன.

ஆனால் டோஸ் மட்டும் குற்றவாளி அல்ல. அவசரம் என்று குறியிட்டு வரும் மெசேஜ் போனை எழுப்பலாம் என்று கூகுளின் விதியே சொல்கிறது. அரட்டை ஆப்புகளின் மெசேஜ்கள் அப்படித்தான் வரும். சிக்கல், போன் கம்பெனிகள் அதற்கு மேல் தாங்களாகச் சேர்க்கும் கெடுபிடி. பேட்டரி நாள் முழுவதும் நிற்கிறது என்று விளம்பரம் செய்ய வேண்டும் அல்லவா? ஷாவ்மி போன்களில் ஆட்டோஸ்டார்ட் என்று ஓர் அனுமதி தனியாக இருக்கிறது. ஓப்போ, விவோ போன்களிலும் பின்னணியில் இயங்குவதற்குத் தனி அனுமதி உண்டு. சாம்சங்கில் ஸ்லீப்பிங் ஆப்ஸ், டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ் என்று இரண்டு பட்டியல்கள். ஓர் ஆப் முற்றிலுமாக நிறுத்தப்பட்ட நிலைக்குப் போய்விட்டால், கூகுளின் இணைப்பு வழியாக வரும் மெசேஜும் அதை எழுப்பாது. நாம் கையால் திறக்க வேண்டும். திறந்ததும் மொத்தமாக வந்து கொட்டும். நெசவாளர் சொன்ன அறிகுறி அச்சு அசலாக இதுதான்.

கடைக்காரர் போனை வாங்கினார். பேட்டரி சேவர் நிரந்தரமாக ஆனில் இருந்தது. பழைய பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று மகன் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். முதலில் அந்த சேவரை அணைத்தார். அடுத்து ஆப் தகவலுக்குள் போய் வாட்ஸ்அப்பின் பேட்டரி அமைப்பைக் கட்டுப்பாடு இல்லாததாக மாற்றினார். ஆட்டோஸ்டார்ட்டை அனுமதித்தார். பின்னணி டேட்டா திறந்திருக்கிறதா, டேட்டா சேவர் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். தேதியும் நேரமும் தானியங்கியில் இருக்கின்றனவா என்றும் பார்த்தார். கடிகாரம் தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பே ஏற்படாமல் போகும். யாரோ போட்டுக்கொடுத்த ஒரு மெமரி கிளீனர் ஆப்பைக் கழற்றி எறிந்தார். கடைசியாக, சமீபத்திய ஆப்புகள் வரிசையில் வாட்ஸ்அப்பைப் பூட்டிவைத்து, "எல்லாத்தையும் ஒரே தள்ளா தள்ளி விட்றீங்க இல்ல, அதை விட்ருங்கண்ணா" என்றார். சில போன்களில் அப்படித் தள்ளுவதே ஆப்பை அடியோடு நிறுத்துவதற்குச் சமம்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. சார்ஜர் வயரைப் பிடுங்கினார், போனைப் பூட்டினார், மேசை ஓரத்தில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வேறொரு போனின் டிஸ்ப்ளேயைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். நெசவாளர் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் அதைத் தொடவில்லை. "உடனே அனுப்பிப் பார்த்தா எல்லாப் போனும் நல்லாத்தாண்ணா இருக்கும். அது தூங்கணும். தூங்கின பிறகு கூப்பிட்டா எழுந்திரிக்குதான்னு பார்க்கணும்." வெகுநேரம் கழித்துத் தன் போனிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பினார். கவிழ்ந்து கிடந்த போன் ஒலித்தது. அவர் திரையில் இரண்டு டிக் விழுந்தது.

போகும்போது இன்னொன்றும் செய்து கொடுத்தார். முதலாளி வீட்டு நம்பருக்கு மட்டும் நீளமான ஒரு பாட்டைத் தனி ஒலியாக வைத்தார். தறி ஓடும்போது ஒரு டிங் சத்தம் யார் காதிலும் விழாது.

இரண்டு டிக் விழுந்த நோய்க்கு அன்று வந்தவர் காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பெண். ஒரு வாடிக்கையாளரின் மெசேஜ் மட்டும் அவருக்குத் தெரிவதே இல்லை. "அக்கா, மேல ஆர்க்கைவ்டுன்னு இருக்கு பாருங்க" என்று காட்டினார் கடைக்காரர். கைதவறி அழுத்தியதில் அந்த அரட்டை உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. முன்பெல்லாம் புது மெசேஜ் வந்தால் அது தானே வெளியே வந்துவிடும். 2021இல் வாட்ஸ்அப் அதை மாற்றியது. இது போன்றதே ஆண்ட்ராய்டு 8 கொண்டுவந்த சேனல் முறையும்: ஓர் ஆப்புக்குள்ளேயே ஒருவகை அறிவிப்பு ஒலிக்கும், இன்னொரு வகை ஊமையாகக் கிடக்கும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாகப் போடும் ஆப் அறிவிப்பு காட்டவே நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். என்ன கேட்கிறது என்று படிக்காமல் வேண்டாம் என்று அழுத்திவிடுபவர்கள் ஏராளம். ஐபோன்காரர்கள் இந்தக் கடைக்கு அபூர்வம். வந்தால் அவர் முதலில் பார்ப்பது ஃபோகஸ் அமைப்பையும், 2021இல் வந்த அறிவிப்புத் தொகுப்பையும்.

பூக்கடை அம்மா ஒருவரின் கவலை வேறு. காமாட்சி அம்மன் கோயில் பக்கம் கடை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பணம் வந்ததா இல்லையா என்று போன் சொல்வதில்லை. ஆள் காட்டும் திரையை நம்பி மாலையைக் கொடுத்துவிடுகிறார். கடைக்காரர் யுபிஐ ஆப்புக்கும் அதே அனுமதிகளைத் திறந்துவிட்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. "கூட்டத்துல டவரே திணறும்மா. பணத்தைச் சத்தமா சொல்ற பெட்டி ஒண்ணு வாங்கி வைங்க. அதுல தனி சிம் இருக்கு, உங்க போன் தூங்கினாலும் அது தூங்காது. அதுவும் சொல்லலைன்னா உங்க ஆப்பைத் திறந்து கணக்கைப் பாருங்க, எதிராளி போனைப் பார்க்காதீங்க." இதைவிட நல்ல யோசனையை அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

எல்லாமே போனின் குற்றமும் அல்ல. 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க சுமார் 6 மணி நேரம் முடங்கின. அதே ஆண்டு மார்ச் 8 அன்று, வணிக எஸ்எம்எஸ்களை வடிகட்டும் புதிய விதி அமலுக்கு வந்ததும் வங்கி ஓடிபிகள் நாடெங்கும் தடைபட்டன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த விதியை ஒரு வாரம் நிறுத்தி வைத்தது. அதனால் எதையும் தொடும் முன்பு, பக்கத்தில் இருப்பவர் போனுக்கு வருகிறதா என்று கேட்பதும் கடைக்காரரின் வழக்கம்.

இவ்வளவுக்கும் அவர் வாங்கிய கூலி? நெசவாளரிடம் ஒன்றுமில்லை. ஜவுளிக்கடைப் பெண்ணிடம் ஒன்றுமில்லை. பூக்கடை அம்மா ஒரு முழம் மல்லிகை கொடுத்துவிட்டுப் போனார். "செட்டிங்ஸ் மாத்தினதுக்குக் காசான்னு கேக்குறாங்க" என்றார் கடைக்காரர். பாகம் எதையும் மாற்றாததால் வேலையே நடக்கவில்லை என்று நினைக்கிறோம். நெசவாளரின் அடுத்த புடவைக் கூலியைக் காப்பாற்றியது எந்தப் பாகமும் அல்ல, சரியான கேள்வியும் காத்திருந்து பார்த்த பொறுமையும்தான். அதற்கு விலை உண்டு.

போன் கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். புதுப் போனைத் திறக்கும் முதல் நாளே, எந்தெந்த ஆப் எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்று தமிழில், ஒரே திரையில் கேளுங்கள். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக எதை நிறுத்துகிறீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். அது நடக்கும்வரை, வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் போனை நீங்களே ஒருமுறை எடுத்துப் பேட்டரி அமைப்பைப் பாருங்கள். கடையில் கொடுத்துச் சரிசெய்தால், எவ்வளவு என்று கேட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.