என்பு மச்சையில் பிறக்கும் நோய்: கண்டி நாட்குறிப்பு

திங்கள்

மயலோமா என்பு மச்சையில் தோன்றும் குருதிப் புற்றுநோய். அங்குள்ள பிளாஸ்மா கலங்கள் கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைச் சுரப்பவை. அவற்றில் ஒன்று கட்டுப்பாடிழந்து பெருகினால், அதன் வழிவந்த கலங்கள் எல்லாம் பயனற்ற ஒரே வகைப் புரதத்தையே சுரக்கின்றன. நல்ல பிறபொருளெதிரிகள் குறைவதால் நியுமோனியா போன்ற தொற்றுகள் அடிக்கடி வருகின்றன. முதியவர்களையே இந்நோய் அதிகம் தாக்குகிறது.

செவ்வாய்

பலருக்கு முதல் அறிகுறி முதுகுவலி. எலும்பைக் கரைக்கும் கலங்களை நோய் தூண்டிவிடுவதால் முள்ளந்தண்டும் விலா எலும்புகளும் பலமிழந்து, சிறு அசைவிலும் முறியக்கூடும். கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைத் தோட்டங்களில் கொழுந்து சுமந்தவர்களுக்கு முதுகுவலி புதிதல்ல. இரும்புச்சத்துக் குறைவால் வரும் களைப்பும் புதிதல்ல. பழகிப்போன இந்த உபாதைகளுக்குள் மயலோமா எளிதாக மறைந்துகொள்ளும். வயதானவருக்கு வாரக்கணக்கில் தீராத முதுகுவலியும், இரும்பு மாத்திரைக்கு அசையாத குருதிச்சோகையும் சேர்ந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது அவசியம்.

புதன்

மிகையான புரதத்தின் சிறு துண்டுகள் சிறுநீரக நுண்குழாய்களை அடைக்கின்றன. எலும்பிலிருந்து கரையும் கல்சியம் தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவற்றைத் தந்து சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அநுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகளிடையே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருக்கும் நாட்டில், மயலோமாவால் வந்த பழுதும் அதுவென்றே எண்ணப்பட இடமுண்டு. சாதாரண சிறுநீர்ச் சோதனைப் பட்டி அல்புமினையே முக்கியமாகக் காட்டும். இந்தத் துண்டுகள் அதற்குத் தப்பிவிடும். பார்மசியில் தாமாக வாங்கி விழுங்கும் டைக்குளோபெனாக் போன்ற வலிமாத்திரைகள் பழுதை இன்னும் கூட்டும்.

வியாழன்

சந்தேகம் எழுந்தால் ஈமோகுளோபின், ஈ.எஸ்.ஆர்., கல்சியம், கிரியற்றினின் ஆகிய எளிய சோதனைகளே தொடக்கம். அடுத்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் எலெக்ட்ரோபோரெசிஸ். பின்பு இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி எடுக்கும் மச்சை. அதில் பிளாஸ்மா கலங்கள் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, எலும்பு, சிறுநீரகம், குருதி, கல்சியம் ஆகியவற்றில் ஒன்றேனும் பாதிக்கப்பட்டிருந்தால் நோய் உறுதியாகிறது. கண்டிப் பகுதியினருக்கு இதற்கான பெரிய அரச நிலையம் கண்டி தேசிய வைத்தியசாலை. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

வெள்ளி

நோயாளி ஒருவரின் சிறுநீரில் இருந்த விசித்திரமான புரதத்தை இலண்டன் வைத்தியர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1840களிலேயே விவரித்தார். பயன்தரும் மருந்து வர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. மெல்பலான் முதலில் வந்தது. கருவிலிருந்த சிசுக்களை ஊனமாக்கியதால் விலக்கப்பட்டிருந்த தலிடோமைட், மயலோமாவுக்குப் பயன்படுவது 1999இல் தெரியவந்தது. 2003இல் போர்ட்டசோமிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடல்நிலை இடந்தந்தால் நோயாளியின் சொந்தக் குருதி மூலக்கலங்களைச் சேமித்து, கடும் மருந்துக்குப் பின் திரும்ப ஏற்றுவர். பெரும்பாலானோருக்கு நோய் முற்றாக நீங்குவதில்லை. ஆயினும் பல ஆண்டுகள் அடக்கி வைக்க முடிகிறது.

சனி

வைத்தியர் சொன்ன அளவு தண்ணீர் குடிப்பதும், பாரம் தூக்காதிருப்பதும், எலும்பைப் பலப்படுத்தும் ஊசிக்கு முன் பல் வைத்தியரிடம் பற்களைக் காட்டுவதும் வீட்டார் கவனிக்க வேண்டியவை. காய்ச்சல் வந்தாலோ, கால்கள் திடீரெனப் பலமிழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமற் போனாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.